உட்டேன், புடிச்சேன்

"பத்து மணின்னா பத்து மணி, கயல். நான் ஒண்ணும்..."

"யாருக்குடி பத்து மணி? கோழிக்கா?"

"...புதுசாக் கேட்கலை. ஒரு கம்பெனின்னு இருந்தா..."

"கோழி உன்ற கடியாரத்தப் பாத்துத்தான் மூச்சு உடுதா? திருச்செங்கோட்டுப் பண்ணை சென்சாரு..."

"என்னைப் பேசி முடிக்க விடு."

"...மாத்தியாச்சு, நர்மு. விடியங்காட்டியே போய் மாத்திப்போட்டு வந்துட்டேன். இப்ப பத்து மணிக்கு வந்து நான் என்ன பண்ணோணும்? சேர்ல உக்காந்து உனக்கு மூஞ்சியக் காட்டோணுமா?"

"ஆமாம். காட்டணும்."

"இந்தா, பாத்துக்க. நல்லாப் பாத்துட்டியா? சரி, நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்."

எங்கள் ஆபீஸில் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் தொடங்கும், மேடம். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே கயல்விழி, அவள் உங்களிடம் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று சொல்லியிருப்பாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு ஞாபகம் இருக்காது. சண்டை போட்ட கையோடு கீழே போய் டீ குடித்து, திரும்பி வரும்போது எனக்கும் ஒரு தேங்காய் பன் வாங்கி வருவாள். நான் பன் சாப்பிடுவதில்லை என்பதும் அவளுக்கு ஞாபகம் இருக்காது. இப்படி எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் துப்பில்லாதவர்களை நம் பக்கத்தில் பெரிய மனசுக்காரர்கள் என்று சொல்கிறார்கள்.

நிதானமாகவே சொல்கிறேன். எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம். பையை மட்டும் என் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். உள்ளே போன் அதிர்ந்தால் கண்டுகொள்ளாதீர்கள். காலையில் அவள் இந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததை நீங்கள் கிழித்துப்போட வேண்டியிருக்கும். அதற்காகத்தான் வந்தேன். என்னை யாரும் வரச் சொல்லவில்லை, நானாக வந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியின் பெயர் கூவல். பெயர் அவள் வைத்தது. நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. முதலாளிகள் நாங்கள் இரண்டு பேர், வேலைக்காரர்களும் நாங்களே. கோழிப்பண்ணை ஷெட்டுக்குள் சூடு ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்லும் கருவி எங்களுடையது. மூடின ஷெட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய ஷெட் மாதிரி காற்றாடக் கம்பிவலை கிடையாது. ஒரு கோடியில் தண்ணீர் சொட்டும் தட்டி, மறு கோடியில் ஆள் உயர ஃபேன்கள், சுற்றிலும் இறுக்கிக் கட்டின படுதா. ஃபேன் ஓடும்வரை கோழிக்கு ஊட்டி. கரண்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்கவில்லை என்றால், இந்தக் கத்திரி வெயிலில் ஒருவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம் போதும். ஷெட் முழுக்கப் போய்விடும்.

முதலில் கருவியே பண்ணைக்காரர் போனுக்கு அலாரம் அடிக்கும்படி வைத்திருந்தோம். சென்சார் மேல் பல்லி படுத்தாலும் அடித்தது, எறும்பு புகுந்தாலும் அடித்தது. பண்ணைக்காரர்கள் அலுத்துப்போய் அதை அமர்த்திவைத்தார்கள். அப்போது கயல் சொன்னாள்:

"மெசினு கத்துனா எவன் எந்திரிப்பான்? பேர் சொல்லி ஒரு மனுசி கூப்பிட்டா எந்திரிப்பாங்க. அலாரம் நமக்கு வரட்டும். நெசமாவே ஆபத்துன்னு தெரிஞ்சா நாம போன் போட்டுச் சொல்லலாம்."

பண்ணைக்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. அலாரம் எங்கள் இருவர் போனுக்கும் வரும். எங்களில் ஒருத்தி எந்நேரமும் விழித்திருந்து பார்க்க வேண்டும். காவல் என்று சொல்லிக்கொள்வோம். யார் எப்போது காவல் என்பதற்கு அட்டவணை கிடையாது. அவளவள் சௌகரியம்.

அவளுடைய சௌகரியத்தைக் கேளுங்கள். சொந்த ஊர் பரமத்தி வேலூர்ப் பக்கம். வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால். விடிகிற நேரத்தில் அம்மாவோடு வெற்றிலை கிள்ளுவாள். வாய்க்காலில் குளிப்பாள். ஈரத் தலையோடு ஏதாவது ஒரு பண்ணையில் போய் நிற்பாள். மனசு வந்தால் ஆபீஸில் தலையைக் காட்டுவாள். மத்தியானம் கொடிக்கால் நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுத் தூங்குவாள். சாயங்காலம் டயர் கடைக்காரர் ஷட்டரை இறக்கும்போது இவள் படியேறி வருவாள். கேட்டால், "எனக்கு அப்பத்தான்டி மூளை ஓடுது" என்பாள். அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. வேலை முடிந்திருப்பதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டை. அப்பா வீரபாகு, ஜவுளி மொத்த வியாபாரம். அப்பா யாரையும் நம்பி நான் பார்த்ததில்லை, அதனால் அவரை யாரும் ஏமாற்றியதும் இல்லை. கடையில் வேலை செய்கிறவர் பின்பக்கம் போனால், அவர் திரும்பி வரும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி வளர்ந்தவள் நான். தினமும் சேலத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். காய்ச்சலோடு வந்திருக்கிறேன். அண்ணன் கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் பட்டுச்சேலையோடு பஸ் ஏறி வந்திருக்கிறேன். ஆபீஸைத் திறப்பது நான், பூட்டுவது நான். அதற்காக யாரும் என்னைப் பாராட்டவில்லை என்று குறைப்படவில்லை. பாராட்டை எதிர்பார்க்கிற ஆள் நான் இல்லை.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அட்டவணை இல்லாமல் காவல் எப்படிக் கைமாறும் என்பது. நீங்கள் கேட்கவில்லை. பரவாயில்லை, சொல்கிறேன்.

அவள் அப்பா கண்ணுசாமி லைன் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப்போன ஆள். அந்தக் காலத்தில் லாரிக்கு இரண்டு டிரைவர் போவார்களாம். வண்டியை நிறுத்தாமலே இடம் மாறுவார்களாம். ஓட்டுகிறவர் "உட்டேன்" என்பார், ஆனால் கை ஸ்டியரிங்கில்தான் இருக்கும். அடுத்தவர் எட்டிப் பிடித்து "புடிச்சேன்" என்று சொன்ன பிறகே முதல் ஆள் கையை எடுப்பார். ஒரு வார்த்தையில் லாரியும் லோடும் இரண்டு உயிரும் கைமாறும். இது என்ன பெருமையோ எனக்குத் தெரியாது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி மாறிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

இதைத்தான் அவள் கம்பெனிக்குக் கொண்டுவந்தாள். காவலை விடுகிறவள் போன் போட்டு "உட்டேன்" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவள் "புடிச்சேன்" என்று சொல்லும்வரை விட முடியாது. மெசேஜ் செல்லாது, வாயால் சொல்ல வேண்டும். பதில் காதில் விழுந்ததும், விட்டவள் தன் போனில் அலாரத்தை அமர்த்திவிட வேண்டும். அதுவும் அவள் போட்ட சட்டம்தான்.

"அமத்தாம வெச்சிருந்தா என்ன?" என்று கேட்டேன்.

"வெச்சிருந்தா நீ பாப்பியான்னு எனக்குச் சந்தேகம்னு ஆயிரும்ல? அப்பறம் ரெண்டு பேரும் அரைக் கண்ணு முழிச்சுட்டே கெடக்கோணும். உட்டா முழுசா உடோணும், நர்மு."

"யார் எப்ப வாங்கினா, எப்ப விட்டான்னு ஒரு பதிவாவது வேண்டாமா? நாளைக்கு ஒரு பிரச்னைன்னா?"

"பிரச்னைன்னா என்ன? புடிக்கவே இல்லைன்னு சொல்லிப்போடுவியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

போன வருஷம் ஒரு காலேஜில் எங்களைப் பேசக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் சேர்ந்து கம்பெனி நடத்துவது, நேரக் கட்டுப்பாடு இல்லாமல் வேலை பார்ப்பது, இதைப்பற்றியெல்லாம். பேசத் தயார் செய்தது நான். மேடையில் பேசியது அவள். ஒரு மாணவி எழுந்து, "உங்க பார்ட்னர் நெஜமாவே வேலை பார்க்கறாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இவள் மைக்கை வாயருகில் கொண்டுபோய், "தெரிஞ்சுக்க முடியாதுங்க, நம்போணும்" என்றாள். அவ்வளவுதான். அரங்கம் முழுக்கக் கைதட்டல். படிக்க வந்த கூட்டம், மேடம். ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதுகூடத் தெரியாமல் கைதட்டுகிறது.

எனக்குப் பொறாமை என்று எழுதிக்கொள்ளப் போகிறீர்கள். பொறாமை நமக்குச் சமமானவர்கள்மேல் வருவது.

பண்ணைக்காரர்களும் அப்படித்தான். நான் எத்தனை நல்லவிதமாகப் போன் பண்ணிப் பேசினாலும், கடைசியில் "கயலு இல்லீங்ளா?" என்று ஒரு கேள்வி வரும். நாச்சிமுத்துதான் அதில் மோசம். எங்களுடைய முதல் வாடிக்கையாளர். கயல் ஊருக்குப் பக்கத்தில் பண்ணை. அவரும் அவர் சம்சாரம் சென்னியம்மாளும் ஷெட்டுக்கு எதிரிலேயே குடியிருந்தார்கள். எங்கள் கருவியைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்தவர், அதற்காகவே மாவட்டம் முழுக்கத் தன்னைக் கம்பெனியின் மாமனார் மாதிரி நினைத்துக்கொண்டு திரிந்தார். ஆபீஸுக்கு வந்தால் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வருவார். கொண்டுவந்த முட்டை அட்டையை என் மேஜை மேல் வைத்துவிட்டு, கயலின் காலிச் சேரைப் பார்த்து, "சாமி இல்லீங்ளாட்ட இருக்குது" என்பார். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

அன்றைய தினத்துக்கு வருகிறேன்.

மத்தியானம் அவள் போன் செய்தாள். குரலிலேயே தூக்கம். விடிவதற்கு முன்னாலிருந்து எங்கோ ஒரு பண்ணையில் வயர் மாற்றிக்கொண்டிருந்தாளாம். இருக்கலாம்.

"நர்மு, கண்ணு சொக்குதுடி. செத்த நேரம் படுக்கறேன். ஒண்ணே ஒண்ணு, நாச்சிமுத்து ஐயன் ஜெனரேட்டருக்குப் பேட்டரி வீக்கா இருக்குது. கரண்டு போனாத் தானா எடுக்காது. சாயங்காலம் புதுசு போடறம்னு சொல்லியிருக்கறேன். அதுவரைக்கும் அவிய ஷெட்டு மேல ஒரு கண்ணு வெச்சுக்க."

"அவர் அங்கதானே இருப்பார்?"

"இல்ல, நம்ம பரமத்தி வேலூர்ல காதுகுத்து. சென்னியம்மா ஆயாவையும் கூட்டீட்டுப் போயிட்டாரு. நாம பாத்துக்குவம்னு தைரியம். கரண்டு போச்சுன்னா ஒடனே கூப்புட்டுரு, வண்டியெடுத்தாப் பத்து நிமிசத்துல வந்துருவாரு. என்ன?"

"சரி."

"உட்டேன்."

"புடிச்சேன்."

சொன்னேன், மேடம். தெளிவாகச் சொன்னேன். அவள் அலாரத்தை அமர்த்திவிட்டுத் தூங்கப்போனாள். முழுசாக விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் கரண்ட் போனது. என் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். நாச்சிமுத்து ஷெட். ஃபேன் நின்றுவிட்டது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை. அவள் சொன்னபடியே.

அந்த நேரத்தில் என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மிக நியாயமான ஒரு யோசனைதான் இருந்தது. பட்டப்பகலில் காவலை விட்டுத் தூங்கப்போகிறவளை நம்பி எத்தனை நாளைக்குக் கம்பெனி நடத்துவது? கொஞ்சம் தாமதமாகக் கூப்பிட்டால் கொஞ்சம் கோழி போகும். கோழி போனால் பேச்சு வரும். பேச்சு வந்தால் ஒரு அட்டவணை வரும், ஒரு பதிவு வரும், பத்து மணிக்கு ஒரு ஆள் சேரில் வந்து உட்காரும். கோழிகள் எப்படியும் பிழைத்துக் கிடந்து பேரன் பேத்தி எடுக்கப்போவதில்லை.

டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர்சாதமும் மாவடுவும். திரையில் ஷெட்டின் சூடு ஒவ்வொரு புள்ளியாக ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு புள்ளி ஏறட்டும், கூப்பிடலாம் என்று நினைத்தேன். ஏறியது. இன்னும் ஒன்று என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்து, பாக்ஸைக் கழுவி, கவிழ்த்து வைத்தேன். வந்து பார்த்தபோது சூடு ஏறுவது நின்றிருந்தது. அதற்கு மேல் அளக்க எங்கள் கருவிக்குத் தெரியாது.

நாச்சிமுத்து விருந்து முடிந்து பைக்கில் வந்து இறங்கியிருக்கிறார். சென்னியம்மாள் பின்னால் இருந்தார். ஷெட்டிலிருந்து சத்தமே இல்லை. பண்ணைக்காரருக்கு அந்த அமைதி என்னவென்று தெரியும். மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படுதாவை அவிழ்க்க உள்ளே ஓடியிருக்கிறார். வெளியிலிருந்து கத்தியால் அறுத்துவிட்டிருக்கலாம். பதற்றத்தில் தோன்றவில்லை போலிருக்கிறது. உள்ளே அந்தச் சூடு, அந்த எச்சத்தின் காரம், வயிறு நிறையச் சாப்பாடு, வயது வேறு. இரண்டு படுதாவை அவிழ்த்திருந்தார். மூன்றாவது படுதாவின் கயிறு கையில் இருந்தபடியே விழுந்துகிடந்தாராம், கோழிகளுக்கு நடுவில்.

கயல் எழுந்து ஓடிவந்து என்னிடம் முதலில் கேட்டது இதுதான்:

"நர்மு, அலாரம் வரலையா?"

"உன் போனுக்கு வரலையா?" என்று கேட்டேன்.

"நான்தான் உட்டுட்டனே. நீ புடிச்சேன்னியே."

"எப்ப?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளை அவசரப்படுத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். "நீ கூப்பிட்டே, பேட்டரி வீக்குன்னு சொன்னே, தூக்கம் வருதுன்னே. அப்புறம் லைன் விட்டு விட்டு வந்தது. நீ உட்டேன்னு சொல்லவே இல்லையேடி. நீதான் காவல்ல இருக்கேன்னு நான் நினைச்சுட்டு, என் போனை அமர்த்திட்டுப் பேங்க்குக்குப் போயிட்டேன்."

"சொன்னேனே, நர்மு."

"தினமும் சொல்ற வார்த்தை. சொன்ன மாதிரிதான் இருக்கும்."

அவள் என்னிடம் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.  அவளோ, "தூக்கக் கலக்கத்துல சொல்லாம உட்டுட்டனாட்ட இருக்குது" என்றாள். தன் காதால் கேட்டதைவிட என் வாய் சொன்னதை நம்பினாள். எங்கே போய்ச் சொல்வது? நம்பிக்கை நம்பிக்கை என்று மேடை மேடையாகப் பேசினாளே, அதற்குள் இவ்வளவுதான் சரக்கு.

துக்க வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். அத்தனை ஜனத்துக்கு நடுவில் இவள் போய் சென்னியம்மாள் காலடியில் உட்கார்ந்து, "எம்மேலதானுங்க ஆயா தப்பு. நான் தூங்கிப்போட்டனுங்க" என்றாள்.  அந்தம்மாள் அவளை அடிக்கப்போகிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. இவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீ என்ன சாமி பண்ணுவ, நீயும் மனுசிதான்" என்று அழுதார். பக்கத்தில் ஒரு பெரியவர், "இந்தக் காலத்துல இப்புடி ஒத்துக்கறதுக்கு ஆரு இருக்கறாங்க?" என்றார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புருஷன் செத்துக் கிடக்கிறார், பெயர் வாங்கிக்கொண்டு போகிறவள் இவள்.

நான் வேப்பமரத்தடியில் நின்றேன். என்னைத் திட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு, உண்மையைச் சொன்னால், ஆபீஸ் நன்றாக நடந்தது. நான் போய்ப் பூட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் படியில் வந்து உட்கார்ந்திருப்பாள். கொடிக்கால் பக்கம் போவதில்லை. மத்தியானத் தூக்கம் இல்லை. சேரை விட்டு எழுவதே இல்லை. நான் காவல் வாங்கிக்கொண்டாலும் தன் போனை அமர்த்துவதில்லை. ஒரு தடவைக்கு நாலு தடவை, "புடிச்சுட்டியா? நெசமா புடிச்சுட்டியா?" என்று கேட்பாள். வேலைதான் முன்னைப்போல் முடிவதில்லை. ஆனால் ஆள் இருந்தது. ஒரு ஆபீஸ் என்றால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அதையும் இன்று காலையில் கெடுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உங்களிடம் வந்து, எல்லாம் நானே என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். நீங்கள் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள், இந்தக் கான்ஸ்டபிள் பெண் தன் கர்ச்சீப்பைக் கொடுத்தாள். வரும்போது பார்த்தேன். எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நீங்கள் விசாரித்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இறந்தவருடைய போனை நீங்கள் எடுத்துப் பார்க்கவே இல்லை. ஒரு பெண் அழுதுகொண்டே வந்து குற்றம் என்னுடையது என்றதும் உங்கள் வேலை முடிந்துவிட்டது. பார்த்திருந்தால், அன்று மத்தியானம் அவர் எங்கள் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டது தெரிந்திருக்கும். நான் அப்போது பேங்க்கில் இல்லை. மாவடுவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க சாமி, நாச்சிமுத்து பேசறனுங்க. பக்கத்துத் தோட்டத்துப் பையன் போன் பண்ணுனானுங்க, கரண்டு இல்லையாமா. ஜெனரேட்டரு எடுத்துக்கிச்சுங்ளா? பந்தி போட்டுட்டாங்க, நான் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துரட்டுங்ளா?"

இதுவரை சொன்னதில் எது நடந்திருந்தாலும் இந்த இடத்தில் சரியாகியிருக்கும். நான் "போங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவராகவே அவசரப்பட்டு இன்னொன்று கேட்டார்.

"கயலு இல்லீங்ளா சாமி?"

"நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

"அதில்லீங், தப்பா நெனைக்காதீங்க. கயலு புள்ள இருந்தா ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு. அவ ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டா நிம்மதியா ரெண்டு வாய் சாப்புடுவேன், அதானுங்க."

திரையைப் பார்த்தேன். சூடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

"ஜெனரேட்டர் ஓடுதுங்க" என்றேன். "கயலும் பக்கத்துலதான் இருக்கா. ஒண்ணுமில்லைன்னு சொல்றா. நீங்க நிதானமா இருந்து சாப்பிட்டுட்டு வாங்க."

"ஆகட்டுங்க சாமி, ரொம்ப சந்தோசம்" என்றார். அவர் இருந்து சாப்பிட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அவருக்கு வேண்டியதை, அவர் கேட்ட ஆள் பெயரிலேயே கொடுத்தேன். கயல்விழிக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. தூங்கியதைத் தவிர அவள் எதுவும் செய்யவில்லை. எப்போதும்போல வேலை என்னுடையது. அதை அவள் பெயரில் எழுதிக்கொள்ள நான் விட மாட்டேன். செய்தது யார் என்பது சரியாக எழுதப்பட வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். உண்மைக்காக வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். நர்மதா, தகப்பனார் பெயர் வீரபாகு, செவ்வாய்ப்பேட்டை. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

என்ன, பையைப் பார்க்கிறீர்கள்? நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வெளியே இதே கத்திரி வெயில்தான். யாரோ ஒருவருடைய ஷெட். யாருடையது என்று நான் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. வாக்குமூலம் கொடுக்கும்போது நடுவில் போனை எடுப்பது மரியாதையாக இருக்காது.

அதோ, வராந்தாவிலிருந்து அவள் குரல். அந்தக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள், மேடம்.

"நர்மு, எம்போன வாங்கி வெச்சுக்கிட்டாங்கடி. நான் உட்டேன், கேக்குதா? நீ புடிச்சுட்டியா?"